கொரியாவில் ஓர் இங்கிலிஸ் வாத்தியார்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் படிப்பிக்கும் ஒருவன் கொரியாவைப் பற்றிப் பேச வருவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணம் எனது மருமகன். அக்காவின் மகனான அவன், 1996இல் இரண்டு வயதுக் குழந்தையாக யாழ்ப்பாணத்தை விட்டுக் கனடா சென்றவன். ரொறன்ரோவில் வளர்ந்து, பட்டம் பெற்று, 2017இல் ஆங்கில ஆசிரியனாகத் தென்கொரியா போனான். இரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தான். அவன் தொலைபேசியிற் சொன்னவற்றையும், பின்னர் எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து சொன்னவற்றையுமே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கொரியாவில் ஆங்கிலம் படிப்பிக்க வருவோருக்கென ஒரு விசா உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவை எனக் கருதப்படும் ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாக அது கிடைக்கும். கனடா அவற்றுள் ஒன்று; இலங்கை இல்லை. இலங்கையர் அங்கே பெரும்பாலும் தொழிற்சாலை வேலைக்கே போகின்றனர். அதுவும் கொரிய மொழிப் பரீட்சையிற் சித்தியெய்திய பிறகு. ஒரே மண்ணிற் பிறந்த இருவரில் ஒருவர் அவர்களது மொழியைப் படித்துக்கொண்டு போகவேண்டும். மற்றவர் ஆங்கிலத்தைப் படிப்பிக்கப் போகலாம். வித்தியாசம் கடவுச்சீட்டு மட்டுந்தான்.

ஆனால் அந்தக் கடவுச்சீட்டும் போதவில்லை. விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்பது அங்கு வழக்கம். முதலிற் பேசிய நிறுவனத்துக்கு இவனது குரல் பிடித்துப்போயிற்று. படத்தைப் பார்த்தபின், பெற்றோர் வேறு மாதிரியான ஆசிரியரையே எதிர்பார்க்கிறார்கள் என்று மரியாதையாக மறுத்துவிட்டார்கள். அன்றிரவு அவன் என்னோடு கதைத்தான். “மாமா, வாயைத் திறந்தால் நான் கனடாக்காரன். மூடினால் ஆர்?” ஆங்கிலத்திலேதான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

பின்னர் சுவோன் நகரில் ஒரு சிறிய ஹாக்வொனில் வேலை கிடைத்தது. ஹாக்வொன் என்பது நம்மூர் ரியூட்டரி போன்றது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கு வந்துவிடுவார்கள். தலைநகர் சோலில் இரவு பத்து மணிக்குமேல் வகுப்பு நடத்தக்கூடாதென்று விதி போடவேண்டி வந்ததென்றால், மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அங்கே முதற் சந்திப்பிலேயே வயதைக் கேட்பார்கள். ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளைக்கு இது நாகரிகக் குறைவாகப் பட்டது. வயது தெரியாமற் கொரிய மொழியில் வாய் திறப்பது கடினம் என்பது போகப் போகத்தான் விளங்கியது. மூத்தவரோடு பேசினால் வினைமுற்று ஒருவிதம். இளையவரோடு பேசினால் இன்னொரு விதம். ‘வா’, ‘வாரும்’, ‘வாங்கோ’ என்று நாம் மூன்று படி வைத்திருப்பது போலத்தான். தமிழில் இந்தப் படிகளைத் தவறவிட்ட பிள்ளை, கொரிய மொழியில் அவற்றை மனனஞ் செய்தான்.

கண்டவுடன் “சாப்பிட்டீர்களா?” என்று கேட்பார்கள். உறவில்லாதவரையும் அக்கா, அண்ணன் என்று முறைசொல்லி அழைப்பார்கள். மூத்தவர் எதைத் தந்தாலும் இரு கையாலும் வாங்கவேண்டும். ‘என் அம்மா’, ‘என் வீடு’ என்று சொல்லும் வழக்கம் குறைவு. ‘ஊரி’, அதாவது ‘எங்கள்’ என்றே சொல்வார்கள். ‘எங்கட அம்மா’, ‘எங்கட வீடு’ என்னும் நமக்கு இதிற் புதுமையில்லை. சங்கப் புலவர் தந்தையை ‘எந்தை’ என்றபோதும் ‘எம் தந்தை’ என்றுதானே சொன்னார்!

மாரி தொடங்கும்போது குடும்பங்கள் கூடிப் பெருந்தொகையாகக் கிம்ச்சி போடுவதைக் கிம்ஜாங் என்பர். யுனெஸ்கோ 2013இல் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த வழக்கம் அது. கீழ்வீட்டு அம்மையார் இவனுக்கும் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் இவன் தோடம்பழம் வைத்துக் கொடுத்தானாம். “ஏனென்று தெரியவில்லை மாமா, அப்படித்தான் செய்யத் தோன்றியது” என்றான். ஏனென்று எனக்குத் தெரியும். அவனுடைய அம்மம்மா ஒருநாளும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பியவரல்ல.

நேயர்களே, கொரியாவுக்கு முதன்முதற் போன ஆங்கில ஆசிரியர்களில் ஒருவர் அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட். 1886இல் அரச ஆங்கிலப் பள்ளியிற் படிப்பிக்கச் சென்ற அவர், கொரிய மொழியைக் கற்று, கொரிய எழுத்திலேயே புவியியற் பாடநூல் எழுதினார். 1905இல், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். இம்மொழிகள் ஒரே குடும்பத்தவை என்பதை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. வினை ஈற்றில் வருவதும், உருபுகள் பெயரின் பின்னே ஒட்டுவதும் வேறு பல மொழிகளிலும் உள்ளவையே. ஆனால் படிப்பிக்கப்போன மனிதர் படிக்கவுஞ் செய்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1949இல் முதிய வயதிற் கொரியாவுக்குத் திரும்பியவர் ஒரு வாரத்தில் காலமானார். சோலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மருமகனின் கதைக்கு வருகிறேன். ஒருநாள் வகுப்பு இடைவேளையில் அவன் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தான். “அம்மா, அப்பா எங்கே?” என்று தனக்குத் தெரிந்த தமிழிற் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் மொழியில் தாய் ‘ஒம்மா’, தந்தை ‘அப்பா’. “ரீச்சர் கொரிய மொழி கதைக்கிறார்!” என்று ஆரவாரித்தார்களாம். அது தமிழ் என்று சொன்னான். “இன்னும் சொல்லுங்கோ” என்று கேட்டார்கள். சொல்ல அவனிடம் சொற்கள் இருக்கவில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கனடா போன புதிதில் அக்கா எனக்குக் கடிதம் எழுதினா: “பிள்ளையோடு எந்த மொழியிலே கதைக்கிறது?” அப்போது உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த நான் பதில் எழுதினேன்: “முதலில் இங்கிலிஸ் பிடிபடட்டும். தமிழ் எங்கே ஓடிவிடப் போகிறது?” பின்னாளிற் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் பெற்று ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தேன். என் மருமகனுக்கு அந்த ஒரு வரியைத்தான் படிப்பித்திருக்கிறேன்.

கொரியாவில் ஆசிரியர் தினம் மே 15. அவர்களுக்கென எழுத்தை ஆக்கி 1446இல் வெளியிட்ட செஜோங் மன்னரின் பிறந்தநாள் அது. தாய்மொழிக்கு எழுத்துத் தந்தவரே பேராசான் என்று அந்த மக்கள் கருதுகிறார்கள். அந்த நாளில் இவனுக்கும் பிள்ளைகள் பூக் கொடுத்தார்களாம்.

2019 மார்கழியில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா தேநீர் நீட்டினா. எழுந்து, சற்றுக் குனிந்து, இரு கையாலும் வாங்கினான். “பிள்ளை நல்ல பழக்கம் பழகியிருக்குது” என்றா அம்மா. அன்று மாலை அவன் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என்முன் வைத்தான். “மாமா, ‘அ’விலிருந்து தொடங்குவமே?” என்றான்.

தொடங்கினோம். இப்போதும் ஞாயிறு தோறும் தொலைபேசியிற் பாடம் நடக்கிறது.