தண்ணீரும் தெரியட்டும்

ஃபுளோரிடாவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்களை முதலில் டிஸ்னி வேர்ல்டுக்குத்தான் அழைத்துப் போவார்கள். நான் கேமராவோடு சதுப்பு நிலத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன். "கொக்கு பார்க்கவாப்பா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று மகள் கேட்டாள். ஆமாம், அதற்கும்தான்.

அங்கே பறவையைப் படம் எடுப்பது மிக எளிது. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில், அனிங்கா நடைபாதையின் ஓரத்திலேயே பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைக்கும். இறகில் தண்ணீர் ஊறுவதால் அது சுலபமாக மூழ்கி மீனைக் குத்தும். மேலே வந்தால் காயவைத்தே ஆகவேண்டும். டெல்ரே பீச்சில், சுத்திகரித்த கழிவுநீரைத் தேக்கி உண்டாக்கிய வாக்கடஹாச்சி சதுப்பில், மரப்பாலத்தை ஒட்டியே நாரைக் கூடுகள். கைப்பேசியே போதும். இவ்வளவுக்கும், பெண்களின் தொப்பியில் செருகும் இறகுக்காகக் கொக்குகளைச் சுட்டுத் தள்ளிய நாடு அது. அதைத் தடுக்கப்போன காவலர் கய் பிராட்லி 1905இல் கொல்லப்பட்டார்.

ஆகவே, கிட்டத்தில் எடுத்தேன் என்பது அங்கே பெருமை இல்லை. பின்னணியை மழுக்கி, கண்ணும் அலகும் பளிச்சென்று எடுத்த படங்களைப் பார்த்தால் எனக்குப் பாஸ்போர்ட் படம்தான் நினைவுக்கு வரும். தண்ணீரைக் காட்டுகிற படமே நல்ல படம் என்பேன்.

காரணம் இருக்கிறது. அங்குள்ள 'வுட் ஸ்டார்க்' நாரை, வேடந்தாங்கலில் நாம் பார்க்கும் மஞ்சள் மூக்கு நாரைக்கு நெருங்கிய சொந்தம். அலகைத் திறந்தபடி நீருக்குள் விட்டு, மீன் பட்டதும் சட்டென்று மூடிப் பிடிக்கும். நம் நாரை ஏரி நிரம்பியபின் கூடு கட்டும். அதன் சொந்தமோ தண்ணீர் வற்றும் காலம் பார்த்துக் கட்டும். குளிர்காலத்தில் நீர் வடிய, மீனெல்லாம் சிறு குட்டைகளில் நெருக்கியடிக்கும். குஞ்சுகளுக்கு அதுதான் விருந்து. நடுவில் பெருமழை பெய்து மீன் கலைந்தால் கூட்டையே கைவிட்டுப் போய்விடும். மரத்தடியில் கிடக்கும் முதலைகளும் வெறும் அலங்காரம் அல்ல; முட்டை திருட வரும் ரக்கூன்களை அவை அண்ட விடுவதில்லை. சேறு தெரியும் கரை, கலங்கிய குட்டை, கீழே முதலை எல்லாம் சேர்ந்த படத்தில்தான் இந்தக் கதை இருக்கிறது.

தொழில்நுட்பமாக ஒன்று மட்டும். கருத்த நீரில் வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது கேமரா ஏமாந்து ஒளியைக் கூட்டிவிடும், இறகு சுண்ணாம்பாகிவிடும். ஒளியளவை ஒரு படி குறையுங்கள்.

நிலத்தை எப்படிப் பார்ப்பது என்று கற்க, புகைப்படக்காரர் கிளைட் புட்சரின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். பெரிய கேமராவோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று எடுத்தவர் அவர். பறவைக்கு அவர் படங்களில் முதலிடம் இல்லை. அந்த இடத்தை நிரப்புகிற வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது. போவதானால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். கோடையில் கொசுதான் உங்களைக் கவனிக்கும்.