முழங்கால் தேய்வும் அக்குபங்சர் சிகிச்சையும்



ஆயுள் முழுதும் குனிந்தும் சுமந்தும் உழைத்த நம் பெற்றோரின் முழங்கால் மூட்டுகள் தேய்ந்து நோகின்றன. சீனத்து அக்குபங்சர் ஊசியால் அந்நோவு தீருமா என்று பலர் எம்மை வினவுகின்றனர்.

ஜெர்மனியில் சுமார் 1,000 நோயாளிகளிடம் இதனை ஆய்ந்து, 2006-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு முறைப்படி குறித்த இடங்களில் ஊசி செருகினர். அடுத்த பிரிவினருக்கு வேறு இடங்களில் மேலாகச் செருகினர். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை அளித்தனர். 26 வாரங்களுக்குப் பின் நலங்கண்டோர் முறையே நூற்றுக்கு 53, 51, 29 பேர்.

ஊசி பெற்றோர் பலர் நலமுற்றது மெய்யே. ஆயினும், குறித்த இடத்தில் செருகியதால் விளைந்த வேறுபாடு மிகச் சிறிது. கனிவான கவனிப்பும் நம்பிக்கையும் பெரும்பங்கு ஆற்றியிருக்கக் கூடும்.

பிரிட்டனின் 2022-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, இந்நோய்க்கு அக்குபங்சர் அளிக்க வேண்டா என்கிறது. தசையை வலுப்படுத்தும் உடற்பயிற்சியையும், பருத்த உடலினர்க்கு எடைக் குறைப்பையும் அது வலியுறுத்துகிறது.

ஆகவே இளைஞர்களே, "குணமானவர் உண்டா?" என்பதோடு நில்லாமல், "எதனோடு ஒப்பிட்டுக் கண்டனர்?" என்றும் கேளுங்கள். பெற்றோரின் கூலிப்பணம் கரையுமுன் அக்கேள்வியை எழுப்புவது, கல்வி பெற்ற நம் கடமையாகும்.