தூரத்துப் புகையும் நமது கடமையும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காற்று. சமய விழாவிலே இது என்ன பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். காற்று நமது சமயத்துக்குப் புறம்பானதன்று. ஐம்பூதங்களுள் ஒன்றாக அதனைப் போற்றி, திருக்காளத்தியை அதற்குரிய தலமாகவும் கொண்டவர்கள் நம் முன்னோர். நீரைப் பாத்திரத்தில் மூடி வைக்கலாம். நிலத்துக்கு வேலி அடைக்கலாம். காற்றுக்கோ வேலி கிடையாது. ஓரிடத்துக் காற்று கெட்டுவிட்டது என்றால் வெகு தூரத்தில் இருப்பவனும் நெஞ்சில் கை வைத்துக்கொள்வது இதனாலேதான். அந்த அச்சத்தைப் பற்றியும், அஞ்சிய பின் நாம் செய்ய வேண்டியதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவினால் பயணக் கட்டுப்பாடு இருந்த காலம். அலவத்துகொடக் கடைவீதி வெறிச்சோடிக் கிடந்தது; மாத்தளை வீதியிலே வாகன ஓசை இல்லை. அந்த மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வடமேற்கே சுமார் 18 கிலோமீற்றர் தூரத்தில் நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ என்னும் கப்பல் தீப்பற்றியது. சிங்கப்பூர்க் கொடி தாங்கிய கப்பல் அது. அதிலே 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் சிலவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலமும், வேறு இரசாயனங்களும், பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. 25ஆம் திகதி பெரிய வெடிப்பு ஏற்பட்டது. கப்பலில் இருந்த 25 பேரும் உயிருடன் மீட்கப்பட்டார்கள். கரும்புகை மட்டும் நாட்கணக்கில் வானத்தில் எழுந்துகொண்டிருந்தது.

அப்பொழுது கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை ஓர் எச்சரிக்கை விடுத்தது. எரிகின்ற கப்பலிலிருந்து நைதரசன் ஈரொட்சைட்டு வாயு வெளியாவதால் இலேசான அமில மழை பெய்யக்கூடும், முக்கியமாகக் கரையோரத்து மக்கள் மழையில் நனையாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நியாயமான, அளவான எச்சரிக்கை. ஆனால் அது கைத்தொலைபேசி வழியாக மலையேறி நம்மூருக்கு வந்து சேர்ந்தபோது அதிலிருந்து இரண்டு சொற்கள் உதிர்ந்துவிட்டன. ‘இலேசான’ என்ற சொல்லைக் காணவில்லை. ‘கரையோரத்து’ என்ற சொல்லையும் காணவில்லை. “அமில மழை வருகிறது, தோல் வெந்துவிடும், எல்லோருக்கும் அறிவியுங்கள்” என்பதுதான் எஞ்சியிருந்தது.

அந்தச் செய்தியைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். இதை இந்தச் சபையிலே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வந்த செய்தியை ஒரு நிமிஷமும் யோசியாமல் நாற்பது ஐம்பது பேருக்கு அனுப்பினேன். அத்துடன் நில்லாமல், எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள லயத்தில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவுக்கு நேரிலும் போய்ச் சொன்னேன். அவர் தகரக் கூரையிலிருந்து வழியும் மழைத் தண்ணீரை இரண்டு பீப்பாய்களில் பிடித்து வைத்திருந்தார். அந்த வாரம் முழுவதும் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. இருந்தும் என் சொல்லை நம்பி இரண்டு பீப்பாய்களையும் கவிழ்த்துவிட்டார். மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே பீலிக்கு இறங்கியபோது, ஈரப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வாகனங்கள் ஓடாத அந்நாளில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

நான் போய் வருத்தம் தெரிவித்தேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. “படிச்ச பிள்ளை நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்னு நினைச்சேன் தம்பி” என்றார். அன்பர்களே, திட்டியிருந்தாலும் எனக்கு இவ்வளவு உறைத்திராது. அமில மழை அவருடைய கையை முறிக்கவில்லை. நான் யோசியாமல் சொன்ன சொல்தான் முறித்தது.

அதன் பிறகுதான் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கு அது. பாடசாலைப் பிள்ளையும் செய்யக்கூடியது. நமக்கும் அந்தக் கப்பலுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீற்றர். கப்பலில் இருந்த 25 தொன் அமிலமும் ஒரு துளி மிச்சமில்லாமல் மேகத்தில் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது 100 கிலோமீற்றர் நீளமும் 100 கிலோமீற்றர் அகலமுமான நிலத்தின் மீது 10 மில்லிமீற்றர் மழையாக இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த மழை நீர் 10,000 கோடி லீற்றர். அமிலமோ 2,500 கோடி மில்லிகிராம். ஒரு லீற்றர் நீருக்குக் கால் மில்லிகிராம் வருகிறது! மாசற்ற மழைநீரும், காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால், இயல்பாகவே சிறிது அமிலத் தன்மை உடையதுதான். அதனோடு இந்தக் கால் மில்லிகிராம் சேர்ந்தால் தோல் வெந்துவிடுமா? பீப்பாய்த் தண்ணீரைக் கொட்ட வேண்டிய அவசியம் ஏது?

இப்படிச் சொல்வதால், தூரத்தில் நடப்பது நம்மைத் தீண்டாது என்று நான் கூறுவதாக எவரும் கருதிவிடக் கூடாது. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து தரையை நோக்கியே வீசும். ஆகவே காற்றின் திசையைப் பார்த்து அஞ்சியவர்கள் பிழை செய்யவில்லை. கப்பலில் எரிந்தது அமிலம் மட்டுமன்று. கரையோரத்தார் சுவாசித்த புகைக்கு என் கணக்குப் பொருந்தாது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதியை எண்ணிப் பாருங்கள். இந்தியப் பக்கத்திலிருந்து காற்றோடு வந்த மாசினால் நமது நாட்டின் பல நகரங்களில் வானம் மங்கிற்று. மறுநாள் பாடசாலைகளை மூடும்படி அரசாங்கம் அறிவித்தது. கடல் கடந்து வந்த மாசுதானே அது! ஆதலால் தூரம் மட்டும் காவலன்று. என்ன பொருள், எவ்வளவு, எந்தத் திசைக் காற்று என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மக்கள் ஏன் எளிதில் பீதி கொள்கிறார்கள்? அறியாமையினால் என்று சொல்லி நாம் தப்பிக்கொள்ளலாகாது. போபால் நகரத்தை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவில், யூனியன் கார்பைட் தொழிற்சாலையிலிருந்து சுமார் 40 தொன் மீதைல் ஐசோசயனேற்று என்னும் நச்சு வாயு கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஏழை மக்களின் குடிசைகளுக்குள் புகுந்தது. 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர். பின்னர் மாநில அரசாங்கம் ஒப்புக்கொண்ட மரணங்கள் மாத்திரம் 3,787. அந்த வாயு காற்றிலும் பாரமானது, நிலத்தோடு படர்ந்தது. ஓடியவர்கள் மூச்சு வாங்கி அதை இன்னும் அதிகமாக உள்ளிழுத்தார்கள். ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்றாவது முன்னதாக யாரும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. இரண்டு வாரங்களின் பின், டிசம்பர் 16ஆம் திகதி, எஞ்சியிருந்த இரசாயனத்தை ஆபத்தில்லாமல் மாற்றப் போகிறோம் என்று அதிகாரிகள் உறுதி கூறியபோது, அதை நம்பாமல் மக்கள் திரள் திரளாக நகரத்தை விட்டு வெளியேறினார்கள். ஒருமுறை உண்மை சொல்லாதவரை மறுமுறை நம்புவது எப்படி?

நமது கடலில் எரிந்த கப்பலின் கதையும் அத்தகையதே. அமிலம் கசிவது மே 11ஆம் திகதியே கப்பலில் தெரிந்திருந்தது. கத்தார் நாட்டின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசிரா துறைமுகமும் கசிந்த கொள்கலனை இறக்க இணங்கவில்லை. அவ்வாறு சுமந்து வந்த ஆபத்தே நம் வாசலில் வெடித்தது. உண்மையை உரிய காலத்தில் உரியவர்க்குச் சொல்லாதது முதற் குற்றம். சொல்லப்பட்டதைப் பெரிதாக்கிப் பரப்புவது இரண்டாவது குற்றம். முதலாவதைச் செய்தவர்களை நீதிமன்றம் விசாரிக்கும். இரண்டாவதைச் செய்த என்போன்றவர்களை யார் விசாரிப்பது? மனச்சாட்சிதான்.

இனி, எல்லாவற்றிலும் என்னை அதிகமாக வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். மழை பெய்தது, நம் தோல் வேகவில்லை, தேயிலையும் மிளகுக் கொடியும் கருகவில்லை. உடனே நாம் அந்தக் கப்பலையே மறந்துவிட்டோம். ஜூன் 2ஆம் திகதி, ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது அது தாழத் தொடங்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டிக் கரைகளில் வெண்மணல் போல ஒதுங்கின. ஆமைகளும் டொல்பின்களும் செத்து மிதந்தன. நீர்கொழும்பு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு இருந்தார்கள். அவர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் அநேகர். அவர்களுடைய அடுப்பு எரிந்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? நம்மைச் சுடுமோ என்று அஞ்சிய வேகத்தில் பாதியாவது, அவர்களைச் சுட்டுவிட்டதே என்று வருந்துவதில் இருந்ததா? 2025 ஜூலை 24ஆம் திகதி நமது உயர் நீதிமன்றம், கப்பலுக்குப் பொறுப்பானவர்கள் 100 கோடி அமெரிக்க டொலர் நஷ்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியை எத்தனை பேர் நாற்பது ஐம்பது பேருக்கு அனுப்பினோம்? நான் அனுப்பவில்லை.

அன்பர்களே, அச்சம் வேறு, அக்கறை வேறு. அச்சம் தன்னை நோக்கும். ஆபத்து விலகியதும் தானும் விலகிவிடும். அக்கறை பிறரை நோக்கும். ஆபத்து விலகிய பின்பே அதன் வேலை தொடங்கும்.

பாற்கடல் கடைந்த கதை பிரதோஷந்தோறும் நம் நினைவுக்கு வருவது. அமுதத்தை விரும்பிக் கடைந்தார்கள், ஆலகாலம் எழுந்தது. அதன் வெம்மை தாங்காமல், கடைந்தவர்களே ஓடினார்கள். எம்பெருமான் ஓடவில்லை, அதை எடுத்துக் கண்டத்தில் நிறுத்தினான். விழுங்கியும் விடாமல், உமிழ்ந்தும் விடாமல், அங்கேயே நிறுத்தினான் என்பதைக் கவனியுங்கள். கெட்ட செய்தி நம்மிடம் வரும்போது செய்ய வேண்டியதும் அதுதான். உடனே நம்பி விழுங்கவும் கூடாது. உடனே பிறர்மேல் உமிழவும் கூடாது. சற்று நிறுத்தி, யார் சொன்னது, என்ன பொருள், எவ்வளவு, காற்று எங்கே வீசுகிறது என்று கேட்க வேண்டும். ஐயமிருந்தால் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. 100 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள புகைக்கு நடுங்கிய நாம், அன்று மாலையே வீட்டுப் பின்புறத்தில் பொலித்தீன் பைகளையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் குவித்துத் தீ மூட்டவில்லையா? புகைபோக்கி இல்லாத குசினியில் ஈர விறகை ஊதி ஊதி நம் தாய்மார் இருமுவது நம் காதில் விழவில்லையா? வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கண்டி நகரமோ மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது. வாகனப் புகை எளிதில் வெளியேறுவதில்லை. அந்தக் காற்றைத்தான் நம் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கூடம் போய் வரும்போது சுவாசிக்கிறார்கள். இவற்றுக்குக் கப்பல் வேண்டியதில்லை, கத்தார் வேண்டியதில்லை. காரணமும் நம் கையில். பரிகாரமும் நம் கையில்.

ஆதலால் மன்றத்து இளைஞர்களிடம் மூன்று காரியங்களை வேண்டுகிறேன். ஒன்று, பிளாஸ்டிக்கை எரிப்பதில்லை என்று நமது வீடுகளிலிருந்தே தொடங்குவோம். இரண்டு, புகைபோக்கி இல்லாத குசினிகள் எத்தனை என்று எண்ணி, மாதம் ஒரு வீட்டுக்காவது சிரமதானமாக அமைத்துக் கொடுப்போம். மூன்று, ஆபத்துச் செய்தி வந்தால், விசாரித்து உறுதி செய்த பின்பே ஊருக்குச் சொல்லும் பொறுப்பை நமது மன்றம் ஏற்கட்டும். பெரியோர்கள் நம்மை நம்புகிறார்கள். ‘படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்ற அந்த நம்பிக்கை பெரிய சொத்து. அதை நான் ஒருமுறை வீணாக்கினேன். நீங்கள் வீணாக்காதிருங்கள்.

அந்த அம்மாவின் வீட்டுப் பீப்பாய்கள் இன்று மீண்டும் கூரையோரத்தில் நிற்கின்றன. மழை பெய்யும்போதெல்லாம் அவை நிரம்புகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடம் நினைவுக்கு வருகிறது.