வன்தட்டின் நோய் நாடல்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியச் சுவை ததும்பும் சொற்பொழிவுகளுக்கிடையே, இரயில்வே எழுத்தனாகிய நான் கணிப்பொறியைப் பற்றிப் பேச முன்வந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் பள்ளியிறுதி வகுப்போடு நின்றவன். பொறியியல் வல்லுநன் அல்லேன். ஆயினும் அலுவலகத்திலும் இல்லத்திலும் அப்பொறியோடு பழகிக் கண்டறிந்தவற்றுள், நம் குடும்பங்களுக்குப் பயன்படுவன சிலவற்றைக் கூற விழைகின்றேன்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவுகளில் உயிர்களை மட்டுமா கவர்ந்து சென்றது? பெட்டியிலிருந்த சான்றிதழ்களையும் சுவரில் தொங்கிய நிழற்படங்களையும் வாரிச் சென்றது. எஞ்சியவற்றையும் பின்னர்ச் சேர்த்தவற்றையும் இன்று நாம் கணிப்பொறியின் வன்தட்டு ஒன்றிலேயே அடக்கி வைத்திருக்கிறோம். அத்தட்டு அழியுமாயின், அலையில்லாமலே அந்த இழப்பு மீண்டும் நேரும். ஆதலின் அதன் நோயைக் காலத்தே அறிதல் இன்றியமையாதது.

வன்தட்டு என்பது யாது? ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் முதன்முதல் வெளியிட்ட வன்தட்டுப் பொறியில் 50 பெருந்தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று கையளவுப் பெட்டி அதனினும் பன்னூறாயிரம் மடங்கு தாங்குகின்றது. உள்ளே காந்தப் பூச்சுடைய தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றது. அதன்மீது படிக்கும் முனை, மயிரிழையின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உயரத்தில் மிதந்து செல்கின்றது. முனை தட்டில் உரசினால் பதிந்திருந்தவை அழிந்துபடும். அதிர்ச்சியும் வெப்பமும் சீரற்ற மின்சாரமும் அதன் பகைவர்கள். ஈரமும் உப்பும் கலந்த நம் கடற்காற்று இணைப்பு முனைகளை அரிக்க வல்லது.

இனி, நோயின் குறிகளைக் காண்போம். முற்காலத்தில் இரயில் பெட்டிகளின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே விரிசலை அறிவார்கள். வன்தட்டிற்கும் செவி கொடுங்கள். 'டிக், டிக்' என்று இடைவிடாத ஒலியோ உராயும் ஒலியோ எழுந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துக. கோப்பு திறக்க நெடுநேரமாதல், கோப்புகள் சிதைதல், பொறி இடையில் உறைந்து நிற்றல் என்பன பிற குறிகள். ஆனால் இவை நச்சுநிரலாலும் நினைவகக் குறையாலும் தளர்ந்த வடத்தாலும் கூட நேரலாம். ஆகவே ஐயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும்.

அதற்கெனவே தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. 'ஸ்மார்ட்' என்பது அதன் பெயர். விண்டோஸில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்னும் இலவச மென்பொருளும், லினக்ஸில் 'ஸ்மார்ட்சிடிஎல்' என்னும் கட்டளையும் அக்குறிப்பைக் காட்டும். அதில் 5ஆம் எண் பழுதுற்று மாற்றப்பட்ட பகுதிகளையும், 197ஆம் எண் படிக்கவியலாது காத்திருக்கும் பகுதிகளையும், 198ஆம் எண் சீர்செய்யவியலாப் பகுதிகளையும் குறிக்கும். இவை சுழியமாக இருத்தல் நன்று. நாளுக்கு நாள் ஏறினால் தட்டு நலிகின்றது என்க. 199ஆம் எண் மட்டும் ஏறினால் குற்றம் பெரும்பாலும் வடத்தினுடையது. வடத்தை மாற்றிப் பாருங்கள், தட்டு பிழைத்துவிடும்.

ஆயினும் குறிப்பு தூயதாக இருக்கின்றதே என்று இறுமாந்திருத்தல் ஆகாது. கூகுள் நிறுவனத்தார் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். பழுதான தட்டுகளுள் 56 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை முதன்மையான நான்கு எச்சரிக்கைகளுள் ஒன்றையும் காட்டாமலே மடிந்தன என்று அவர்கள் கண்டனர்!

நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் காட்டும் நெறி. வன்தட்டிலோ ஐயம் எழுந்தவுடனே முதற்செயல் படியெடுத்தல், ஆராய்ச்சி பின்னரே. இதற்கு ஒரு சான்று கூறுவேன். 1970களில் இலங்கையிலிருந்து கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்திற்கு வந்து குடியேறிய பெற்றோரின் மகனார் ஒருவர் என் நண்பர். பெற்றோரின் திருமணப் படம் ஆழிப்பேரலையில் போயிற்று. தமிழகத்து உறவினர் அனுப்பிய ஒரே படி அவர் கணிப்பொறியில் இருந்தது. பொறி தளர்ந்தபோது விண்டோஸைப் புதிதாக நிறுவுமாறு பலர் அறிவுரை கூறினர். அவ்வாறு செய்யாமல், வேறொரு தட்டை இணைத்து, படங்களை முதலிலும் மற்றவற்றைப் பின்னும் எடுத்தோம். பின்னர் நோக்கினால் 197ஆம் எண் ஏறியிருந்தது. இரண்டு காணொளிகள் மீளவில்லை; திருமணப் படம் மீண்டது.

ஆகவே தாய்மார்களே, நலிந்த தட்டில் 'செக் டிஸ்க்' சோதனையை ஏவாதீர்கள். அது கோப்பு அமைப்பைச் சீர்செய்யுமேயன்றித் தட்டின் உடலைச் சீர்செய்யாது. நெடுநேரம் அதனை வருத்தவும் செய்யும். தட்டைத் திறவாதீர்கள், குளிர்பெட்டியில் வையாதீர்கள். ஒலியெழுப்பும் தட்டில் விலைமதிப்பற்றவை இருப்பின், மேலும் இயக்காமல் மீட்பு வல்லுநரிடம் ஒப்படையுங்கள். எஸ்.எஸ்.டி. எனும் புதுவகைத் தட்டில் சுழற்சியும் இல்லை, ஓசையும் இல்லை. அது முன்னறிவிப்பின்றியே மடியக்கூடும்.

எல்லாவற்றினும் சிறந்த மருந்து முற்காப்பு. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேற்றூரில். வேற்றூர்ப் படி ஏன்? ஒரே கரையிலிருக்கும் இரண்டு படிகளையும் ஒரே அலை கொண்டு போகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது முதல் இணையவழிப் படி அனுப்புதலும் எளிதாயிற்று. இயலாதோர் தாயகம் செல்லும் உறவினர் கையில் ஒரு சிறு தட்டைக் கொடுத்தனுப்பலாம்.

நம் முன்னோர் ஓலைச்சுவடி செல்லரிக்குமுன் புதுச்சுவடியில் படியெடுத்தனர். அதனாலன்றோ தமிழ் நம் கைக்கு எட்டிற்று! அப்பணியை நம் இல்லத்து ஏடுகளுக்கு நாம் செய்வோமாக. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு படி எடுங்கள் என்று கேட்டு அமைகின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!