பிள்ளையின் மார்க்குக்கும் அப்பீல் உண்டு

(தென்காசியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



குற்றாலத்தில் சாரல் கட்டுகிற காலத்தில்தான் நம் வீடுகளில் இரண்டு சமாசாரங்கள் வந்து சேருகின்றன. ஒன்று, பிள்ளை எழுதிய ஏப்ரல் பரீட்சையின் முடிவு. மற்றொன்று, அடுத்த வருஷத்துக் கட்டணக் கணக்கு. எங்கிருந்தோ ஜனங்கள் வந்து பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்துவிட்டுப் போகிறார்கள். அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிற நம் வீட்டில், "ஒரு பேப்பர் போயிட்டு" என்று மகள் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். அப்பன் என்ன சொல்லுகிறான்? "சரி விடு, நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்கிறான். மறுவாரம் அந்தப் பெண் பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள்.

இன்றைக்கு நாம் பேச வந்தது இதைப் பற்றித்தான். மில்லில் ஒரு தொழிலாளிக்கு மெமோ கொடுத்தால் அவன் "கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்று வீட்டுக்குப் போய்விடுகிறானா? விளக்கம் எழுதுகிறான். விசாரணை கேட்கிறான். மஸ்டர் ரோலைக் காட்டு என்கிறான். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் தலைமையில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு நின்று வென்ற சீமை இது. நமக்கென்று வந்தால் இவ்வளவு தெரிந்த நாம், பிள்ளையின் படிப்பென்று வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். படித்தவர்கள் போட்ட மார்க்கு, அதில் தப்பு இருக்காது என்று நினைத்துக்கொள்கிறோம்.

நாங்கள் பார்த்த ஒரு சம்பவம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு விவசாயத் தொழிலாளி எங்களிடம் வந்தார். அவர் மகள் ஐந்து பேப்பர் எழுதியிருந்தாள். நாலில் தேறியிருந்தாள். ஐந்தாவதில் மார்க்கே இல்லை. "வரவில்லை" என்று போட்டிருந்தது. "நான் அன்னைக்கு எழுதினேன் மாமா, கடைசி மணி அடிக்கிற வரைக்கும் எழுதினேன்" என்றாள் அந்தப் பெண். அப்பாவோ, "பெரிய எடத்துல போய் நாம என்னத்தச் சொல்ல, அடுத்த தடவை எழுதட்டும்" என்றார்.

நாங்கள் போனோம். அங்கேதான் நாங்களும் ஒரு தவறு செய்தோம். மூன்று முறை வாயால் கேட்டோம். ஒரு நாள் அதிகாரி இல்லை. ஒரு நாள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. ஒரு நாள் "நாளைக்கு வாருங்கள்". மூன்று நாள் கூலி போயிற்று, மூன்று பஸ் கட்டணம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. கையில் ஒரு துண்டுக் காகிதம் மிஞ்சவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒரு பக்கம் மனு எழுதினோம். பெண்ணின் பதிவு எண், பேப்பரின் பெயர், பரீட்சை நடந்த தேதி, ஹால் எண், உட்கார்ந்த இடம் எல்லாவற்றையும் குறித்தோம். "அன்றைய ஹாலில் நான் கையெழுத்துப் போட்ட வருகைத் தாளைப் பார்த்து, என் விடைத்தாளைக் கண்டுபிடித்து முடிவை வெளியிட வேண்டும்" என்று கேட்டோம். ஹால் டிக்கெட்டின் நகலை வைத்தோம். இன்னொரு பிரதியில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கினோம். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பெண் தேறியிருந்தாள். அவள் பதிவு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது, தவறு அவ்வளவுதான். அந்த ஒரு இலக்கம் ஒரு பெண்ணைப் பீடிக் கூடையின் முன்னால் உட்கார வைத்திருக்கும்.

தோழர்களே, மூன்று முறை பேசி நடக்காத காரியம் ஒரு முத்திரைக் காகிதத்தில் நடந்தது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பரீட்சை ஆபீஸ்

நம் தென்காசி ஜில்லாக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை, 1990இல் ஏற்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. திருநெல்வேலி பக்கம் அபிஷேகப்பட்டியில் அது இருக்கிறது. பொதுவாக, பரீட்சையைப் பல்கலைக்கழகம் நடத்தினால் மார்க்குச் சம்பந்தப்பட்ட மனு கல்லூரி முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத் தேர்வாணையருக்குப் போக வேண்டும். கல்லூரி தன்னாட்சி பெற்றது என்றால் பரீட்சையை அதுவே நடத்துகிறது. மனுவும் அந்தக் கல்லூரியின் தேர்வு ஆபீசுக்கே போக வேண்டும். ஆகவே, பிள்ளை சேர்ந்தவுடனேயே, "உன் பரீட்சையை யார் நடத்துகிறார்கள்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குற்றாலத்தில் 1964இல் கோயில் சார்பில் தொடங்கிய பராசக்தி மகளிர் கல்லூரியில் படித்தாலும் சரி, சுரண்டை அரசுக் கல்லூரியில் படித்தாலும் சரி, இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் படியில் மூன்று வழி உண்டு. விடைத்தாளின் நகலைக் கேட்பது ஒன்று. போட்ட மார்க்கைச் சரியாகக் கூட்டினார்களா என்று பார்க்கும் மறுகூட்டல் இரண்டாவது. வேறொருவரைக் கொண்டு முழுவதும் திருத்தச் சொல்லும் மறுமதிப்பீடு மூன்றாவது. இவற்றுக்குக் கட்டணம் உண்டு, கடைசித் தேதி உண்டு. தேதியை அந்தந்த அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும். அழுது முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தால் தேதி போய்விடும்.

முதலில் நகலை வாங்குங்கள். பாடம் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள். திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா, கூட்டலில் பிசகு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காரணம் இருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நாள் கூலியைக் கட்ட வேண்டியதில்லை.

நகல் தர மறுத்தால்? 2011 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் நடந்த வழக்கு அது. திருத்திய விடைத்தாளும் தகவல்தான். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மாணவர் அதைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்று கோர்ட் சொன்னது. திருத்தியவர் பெயரை மட்டும் கொடுக்க மாட்டார்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே ஸ்தாபனத்தின் மேல் அதிகாரிக்கு அப்பீல். அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். ஆனால் ஒன்று: விடைத்தாளை வைத்திருக்கும் காலம் முடிந்து அழித்துவிட்டால் கேட்டுப் பயனில்லை. ஆகவே தாமதம் கூடாது.

இரண்டாம் படி: கல்லூரிக் குறைதீர்ப்புக் குழு

மார்க்கு மட்டும்தானா குறை? அறிவித்ததற்கு மேல் பணம் கேட்கிறார்கள். உதவித்தொகை வராமல் இழுக்கிறது. பரீட்சை முடிவைக் காலத்தில் வெளியிடவில்லை. படிப்பை விட்டுப் போகிறவனிடம், மிச்ச வருஷத்துப் பணத்தையும் கட்டினால்தான் சர்டிபிகேட் தருவோம் என்கிறார்கள். சாதி பார்த்து நடத்துகிறார்கள். கேள்வி கேட்ட மாணவனைப் பழிவாங்குகிறார்கள். இவை யாவும் சட்டப்படி மனுவுக்கு உரிய குறைகள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிகளை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு குழு இருக்க வேண்டும். ஒரு பேராசிரியர் தலைவர். நாலு மூத்த ஆசிரியர்கள் உறுப்பினர்கள். மாணவர் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளர். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பாரிலிருந்து ஒருவராவது இருக்க வேண்டும். மனு வந்து 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை கொடுப்பது நல்லது என்று விதி சொல்லுகிறது. அறிக்கையின் பிரதி மாணவருக்கும் கிடைக்க வேண்டும். விசாரணைக்கு மாணவர் தானே போகலாம். தன் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம். யூனியனில் நமக்காகப் பேச ஒருவர் வருகிறாரே, அதைப் போலத்தான்.

கல்லூரியில் சேரும்போது, கட்டண விவரம் அடங்கிய கையேட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய ரூபாய்க்கெல்லாம் ரசீது வாங்குங்கள். சர்டிபிகேட் விஷயத்தில், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இலேயே மானியக் குழு உத்தரவு போட்டிருக்கிறது.

மூன்றாம் படி: ஆம்பட்ஸ்பர்சன்

குழுவின் முடிவு நியாயமாகப் படவில்லையா? முடிவு கைக்கு வந்து 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளருக்கு அப்பீல் செய்யலாம். ஆம்பட்ஸ்பர்சன் என்று அவருக்குப் பெயர். ஓய்வு பெற்ற துணைவேந்தரோ, பேராசிரியரோ, மாவட்ட நீதிபதியோ அந்தப் பதவியில் இருப்பார். 30 நாளில் தீர்க்க அவர் முயல வேண்டும். இரு தரப்பையும் கேட்டு அவர் போடும் உத்தரவைக் கல்லூரி நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாத ஸ்தாபனத்துக்கு மானியத்தை நிறுத்தவும், அதற்கு மேலும் போகவும் விதியில் இடம் இருக்கிறது.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "மார்க்கு குறைவு, கூட்டிப் போடுங்கள்" என்று மட்டும் எழுதினால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். முடிவையே மாற்றக்கூடிய ஒழுங்கீனம் இன்னது நடந்தது, அல்லது இன்ன பாரபட்சம் நடந்தது என்று குறிப்பாகக் காட்ட வேண்டும். கோர்ட்டுகளும் இப்படித்தான். விதியில் மறுமதிப்பீடு இல்லாதபோது அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நீதிபதி உட்கார்ந்து விடைத்தாள் திருத்த மாட்டார். பொய் மனுப் போட்டால் போட்டவர் மேலேயே நடவடிக்கைக்குச் சிபார்சு செய்யலாம் என்றும் 2023 விதியில் இருக்கிறது. ஆகவே கோபத்தில் எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள்.

காப்பியடித்தான் என்று சொன்னால்

சில பிள்ளைகள் மேல் காப்பியடித்த குற்றம் வருகிறது. ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு பரீட்சையே ரத்து என்று உத்தரவு. இது மில்லில் நடந்தால் நாம் சும்மா இருப்போமா? 1962இல் உத்தரப் பிரதேச மாணவர் மூவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது: மாணவர் மேல் குற்றம் சாட்டி முடிவை ரத்துச் செய்வதற்கு முன்னால், அவரிடம் விளக்கம் கேட்டு, பதில் சொல்லச் சந்தர்ப்பம் தர வேண்டும். ஒரு பரீட்சை மையம் முழுவதும் காப்பி நடந்த விவகாரத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டியதில்லை என்று 1970இல் வேறொரு வழக்கில் சொன்னது உண்மை. ஆனால் ஒரு தனி மாணவர் மேல் குற்றம் என்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். நமக்குத் தெரிந்த பாடம்தான் இது.

தரகரை நம்பாதீர்கள்

"பத்தாயிரம் கொடு, மறுமதிப்பீட்டில் பாஸ் போட்டுத் தருகிறேன்" என்று எவனாவது வருவான். 2017 ஏப்ரல், மே மாதங்களில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய பரீட்சைக்குப் பின், 3 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் மறுமதிப்பீட்டுக்கு மனுச் செய்தார்கள். 73 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தேறியதாக முடிவு வந்தது. அதில் லஞ்சம் புகுந்தது என்று 2018இல் லஞ்ச ஒழிப்புப் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. பணம் விளையாடுகிற இடத்தில் கூலிக்காரன் பிள்ளைக்கு இடம் ஏது? நமக்கு நேர் வழிதான் லாபமான வழியும்.

கடைசியாகக் கோர்ட் இருக்கிறது. மதுரையில் ஹைகோர்ட் கிளை 2004 முதல் நடக்கிறது. நம் ஜில்லா அதற்கு உட்பட்டது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று பயப்பட வேண்டாம். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்புக்குள் உண்டு. ஆனால் முந்திய படிகளில் ஏறிவிட்டுப் போனால்தான் அங்கே நம் சொல்லுக்குப் பலம் இருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கிராமத்திலும் மனு எழுதத் தெரிந்த இரண்டு பேராவது இருக்க வேண்டும். கல்லூரி முடித்த நம் பிள்ளைகளே அதைச் செய்யட்டும். முடிவு வரும் வாரத்தில் ஒரு மாலை நேரம் ஓரிடத்தில் உட்காரட்டும். யாருக்கு எந்தத் தேதி கடைசி என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மனுவின் பிரதியில் முத்திரை வாங்காமல் யாரும் ஆபீசை விட்டு வெளியே வரக் கூடாது. பலருக்கு ஒரே குறை என்றால் பலரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒருவனைத் தனியாக நிறுத்தி மிரட்ட அப்போது முடியாது.

ஆசிரியர்கள் நமக்கு விரோதிகள் அல்ல. அந்தப் பெண்ணின் மனுவுக்கு ஹால் எண்ணைத் தேடிக் கொடுத்ததும் ஓர் ஆசிரியைதான். வேலைப் பளுவில் தவறு நேருகிறது. நேர்ந்த தவறைத் திருத்தத்தான் இந்தப் படிகள் இருக்கின்றன.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: "உன் ஹால் டிக்கெட்டை எங்கே வைத்திருக்கிறாய்?" பதில் சொல்லத் தெரியாவிட்டால், ரேஷன் கார்டு இருக்கிற பெட்டியில் அதையும் வாங்கி வையுங்கள். மற்றதை நாம் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.