முகப்பூச்சும் நம் பிள்ளைகளும்



நாம் வசிப்பது பினாங்கு, ஆயர் ஈத்தாமில். தினமும் காலையில் பாலத்தைக் கடந்து, பெருநிலத்தில் உள்ள ஒரு தோட்டப் பள்ளிக்குச் சென்று பாடம் சொல்லித் தருகிறோம். ஆயர் ஈத்தாம் என்ற மலாய்ப் பெயருக்குக் 'கறுப்பு நீர்' என்று பொருள். கெக் லோக் சி கோயிலுக்கு மேலே, மலையில், 1962ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணை ஒன்று இருக்கிறது. தீவில் பல வீடுகளின் குழாய்களில் அந்த அணை நீர்தான் ஓடுகிறது. பெயரில் கறுப்பு இருக்கிறதே என்று யாரும் அந்த நீரைக் குடிக்காமல் விட்டதில்லை. ஆனால், நம் வீட்டுப் பிள்ளையின் தோல் கறுத்திருந்தால் மட்டும் நம் மனம் ஏன் சுருங்குகிறது? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறோம்.

நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவி ஒருத்தி, இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தில் இருந்தாள். தந்தை செம்பனைக் குலை வெட்டுகிறார். தாய் உதிரிப் பழம் பொறுக்குகிறார். ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் நம்மைத் தேடி வந்தார்கள். பெண் முகத்தைத் துண்டால் மூடியிருந்தாள். துண்டை எடுத்தபோது நமக்கு வயிறு கலங்கிவிட்டது. இரண்டு கன்னங்களும் சிவந்து, தோல் உரிந்து, வெந்த புண்போல் இருந்தன.

இரவுச் சந்தையில் 15 வெள்ளி கொடுத்து வாங்கிய முகப்பூச்சு அது. டப்பாவில் செய்தவர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. முதல் இரண்டு வாரங்களில் முகம் வெளுத்ததாம். அதைப் பார்த்துத் தாயும் பூசத் தொடங்கியிருக்கிறார். உடனே நிறுத்தச் சொல்லி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசாங்க மருத்துவகத்துக்குப் போகச் சொன்னோம்.

அந்த டப்பாவில் என்ன இருந்திருக்கும்? இத்தகைய பூச்சுகளில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு போன்றவை கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து, அந்தப் பொருள்களைத் தடை செய்திருக்கிறார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது.

பாதரசம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நம் தோலில் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. அதை உண்டாக்கும் உயிரணுக்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை உண்டாக்கும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேற்றுமை. இந்த நிறமி வெயிலின் கடுமையிலிருந்து தோலைக் காக்கிறது. நாள் முழுதும் வெயிலில் நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கு அது இயற்கை பிடித்த குடை. பாதரசம் அந்த நிறமி உண்டாவதைத் தடுக்கிறது. அதனால்தான் முகம் முதலில் வெளுக்கிறது. குடையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அழகு வந்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம்.

பாதரசம் தோலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி ஆகியவை வரலாம். தாய் வயிற்றில் உள்ள சிசுவையும் அது தாக்கும். பூசியவர் தலையணையிலிருந்தும் துண்டிலிருந்தும் அதே வீட்டில் தவழும் குழந்தைக்கும் அது போய்ச் சேரும். பூசுவதை நிறுத்தினால் முகம் முன்பைவிடக் கறுக்கலாம். பயந்துபோய் மறுபடியும் பூசத் தோன்றும். வியாபாரிக்கு வேண்டியதும் அதுதானே!

ஆனால், நேயர்களே, எல்லாப் பழியையும் வியாபாரியின் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியுமா? அந்தப் பெண்ணிடம், "உன் முகத்துக்கு என்னம்மா குறை? யார் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டோம். முதலில் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாட்டி செல்லமாகக் கூப்பிடுவது 'கருவாச்சி'. தம்பி சிவப்பாகப் பிறந்தபோது, "இவளுக்குப் போக வேண்டிய நிறம் அவனுக்குப் போய்விட்டதே" என்றாராம் அத்தை. வகுப்புப் பையன்கள் வைத்த பெயரை அவள் சொல்லவே இல்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்ககூட நாடகத்துல என்னைத் திரைக்குப் பின்னாலதானே டீச்சர் நிக்க வச்சீங்க" என்றாள்.

நமக்குச் சுருக்கென்றது. ஐந்தாம் ஆண்டில் அவள் படித்தபோது பள்ளி விழாவுக்கு ஒரு நாடகம் போட்டோம். அரசி வேடத்துக்கான வசனம் முழுவதும் அவளுக்குத்தான் மனப்பாடம். குரலும் மணிபோல் இருக்கும். ஆனாலும் வேடத்தைச் சிவப்பான வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அவளைத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கச் சொன்னோம். நாம் மறந்துவிட்டோம். அவள் மறக்கவில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்த நாமே இப்படிச் செய்திருக்கிறோம்.

கோயிலுக்குப் போனால், கருங்கல் சிலைக்குப் பாலூற்றி, "கருமாரித் தாயே" என்று கைகூப்புகிறோம். அதே வாயால் வீட்டுக்கு வந்து மகளைக் 'கருப்பி' என்கிறோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கைக்கு இருக்கும் அந்த அறிவு நமக்கு வேண்டாமா?

இது நம் ஊரில் மட்டும் உள்ள நோயன்று. இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு, உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. சென்னையில் 2009ஆம் ஆண்டு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைப் பெண்கள் தொடங்கினார்கள். நடிகை நந்திதா தாஸும் 2013இல் அதற்குக் குரல் கொடுத்தார். நம் மலேசியாவிலும் 2017இல், ஒரு கடை நிறுவனத்தின் நோன்புப் பெருநாள் விளம்பரம், முகத்தில் கரி பூசிய பெண்ணைக் காட்டி ஏளனம் செய்தது. மக்கள் கண்டித்த பிறகு அது மீட்டுக்கொள்ளப்பட்டது. டப்பாவின் பெயர் மாறலாம், விளம்பரம் மறையலாம். வீட்டுப் பேச்சு மாறாவிட்டால் பிள்ளையின் மனம் மாறாது.

ஆண் பிள்ளைகளுக்கும் இந்தத் துன்பம் உண்டு. 'குள்ளன்', 'குண்டன்', 'குச்சி' என்று கேட்டுக் கேட்டுக் கூனிப்போகிறார்கள். பருவ வளர்ச்சி பெரும்பாலும் பெண்களுக்கு முந்தியும் ஆண்களுக்குப் பிந்தியும் வருகிறது. பதின்மூன்று வயதில் குட்டையாக இருக்கும் பையன் பதினாறில் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளலாம். மெலிய வேண்டும் என்று காலைப் பசியாறலைத் தவிர்க்கும் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். வளரும் வயதில், அதுவும் மாதந்தோறும் இரத்தம் இழக்கும் வயதில், பட்டினி கிடந்தால் இரத்தசோகைதான் வரும்.

நாம் செய்யக் கூடியவை சில உண்டு. நம் நாட்டில் விற்கும் முகப்பூச்சுக்குத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். அது 'என்.ஓ.டி.' என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும். எண்ணையும் பொய்யாக அச்சடிப்பவர்கள் உண்டு. ஆகையால், அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் பிள்ளைகளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் வெளுக்கும் என்று எவர் சொன்னாலும் விலகிப் போங்கள்.

அடுத்து, பிள்ளையின் உருவத்தை விட்டுச் செயலைப் பாராட்டுங்கள். வெறுமனே "நீயும் அழகுதான்" என்று சொன்னால் பிள்ளை நம்பாது. "தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாயே, அவனுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். தான் எதற்குப் பயன்படுகிறோம் என்று தெரிந்த பிள்ளை கண்ணாடி முன் அதிக நேரம் நிற்பதில்லை. உள்ளத்தின் அழகு என்று நாம் சொல்வது, அந்தப் பயன்பாட்டில் வரும் நிமிர்வைத்தான்.

அந்தப் பெண்ணின் முகப்புண் ஆறச் சில மாதங்கள் ஆயின. தழும்பு கொஞ்சம் இருக்கிறது. நாம் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் பதில் சொல்லாமல் சிரித்தாள். மன்னித்தாளா என்று நமக்குத் தெரியாது. ஆனால், இப்போது நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்கிறோம்.

அன்பார்ந்த பெற்றோர்களே, இன்றிரவு சோறு போட்டு வைத்துப் பிள்ளைகளைக் கூப்பிடும்போது, நிறத்தையோ உருவத்தையோ சொல்லாமல், நீங்கள் ஆசையோடு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.