மருந்தும் அபயமும்



உணவு, மருந்து, நூல், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதைச் சமண இல்லங்களில் சிறுவரும் அறிவர். இந்நான்கும் ஒன்றற்கொன்று துணையாகுமேயன்றிப் பகையாகா என்பது பொதுவான எண்ணம். ஆயினும், இரக்கத்தோடு வழங்கப்பட்ட மருந்தே ஓர் உயிரினத்தின் அபயத்தைப் பறித்த நிகழ்ச்சி இந்நாட்டில் நடந்திருக்கிறது. பாறு என்னும் பறவையின் வரலாறு அது.

பிணந்தின்னிக் கழுகு என்று பலரும் முகஞ்சுளித்துக் கூறும் பறவையைச் சங்கச் சான்றோர் பாறு என்றே வழங்கினர். அது தானாக இறந்த உடலை உண்டு, ஊரையும் நீர்நிலையையும் தூய்மையாக வைத்திருந்தது. 1980-களில் கோடிக்கணக்கில் இருந்த பாறுகளுள், வெண்முதுகுப் பாறு 2007-ஆம் ஆண்டுக்குள் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்துபோயிற்று.

காரணம் 2004-இல் தெளிவாயிற்று. டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து மாடுகளுக்கு ஊசியாகச் செலுத்தப்பட்டு வந்தது. ஊசி போட்ட சில நாள்களில் மாடு இறந்து, அதன் உடலைப் பாறு உண்டால், பறவையின் சிறுநீரகம் செயலிழக்கும், உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் வெண்மையாகப் படியும், பறவை மடியும். நூறு சடலங்களுள் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து எஞ்சியிருந்தாலே இத்துணை அழிவு நேரும் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். ஊசி போட்டவர் கொடியவர் அல்லர். நோயுற்ற மாட்டின் துன்பம் பொறாத உழவரும் கோசாலைப் பொறுப்பாளருமே அவர்கள். அதற்குப் பொருள் ஈந்தோரும் புண்ணியம் கருதியே ஈந்தனர்.

விளைவு பறவையோடு நிற்கவில்லை. உண்பாரற்ற சடலங்களால் நாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஏறத்தாழ 5 இலட்சம் மனித உயிர்கள் இதனால் நீங்கியிருக்கலாம் எனப் பொருளியலார் இருவர் 2024-இல் மதிப்பிட்டுள்ளனர்.

இனி, காப்பதற்குப் பொருள் ஈவதைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அரியானா மாநிலத்துப் பிஞ்சோரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் மாநில வனத்துறையும் நடத்தும் பாறு இனப்பெருக்க மையம், 2001-இல் பிரிட்டன் அரசின் டார்வின் நிதியுதவியோடு பராமரிப்பு நிலையமாகத் தொடங்கிற்று. பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடும்; குஞ்சு பருவமெய்த ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகும். அங்கிருந்து வெண்முதுகுப் பாறுகள் எட்டு, 2020-இல்தான் வானில் விடப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் தீவனமும் கூலியும் மருத்துவச் செலவும் உண்டு. ஒருமுறை பெருந்தொகை ஈந்து மறப்பவரைவிட, சிறுதொகையாயினும் ஆண்டுதோறும் தவறாது ஈபவரே இத்தகைய பணிக்கு வேண்டியவர்.

கூண்டு மட்டும் போதுமோ? வெளியே அந்த மருந்து இருக்குமாயின், வளர்த்து விடுவது மீண்டும் சாகக் கொடுப்பதே. அரசு 2006-இல் டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது. எனினும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பப்பட்டன. ஆகவே 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லியாகச் சுருக்கப்பட்டது. அதேபோல் தீங்கு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் ஆகியவை 2023-இல் தடைக்குள்ளாயின. மருந்துக்கடைகளைக் கண்காணிப்பதற்கும், இறந்த மாட்டின் ஈரலைச் சோதிப்பதற்கும், சிற்றூர்தோறும் சென்று விளக்குவதற்கும் பொருள் வேண்டும். ஆனால் இவற்றுக்குக் கொடையாளர் கிடைப்பது அரிது. கூண்டின் வாயிலில் பெயர்ப்பலகை வைக்கலாம். ஈரல் சோதனைக்கு எங்கே வைப்பது?

தமிழ்நாட்டில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரை நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறு இன்றும் கூடு கட்டுகிறது. கோவை, நீலகிரி, ஈரோடு மாவட்டங்களில் கோசாலைகளுக்கு ஈயும் குடும்பங்கள் இதை நினைவிற் கொள்ளல் வேண்டும். திருவிழா நாள்களில் மருந்துச் செலவுக்கென ஈயும்போது, எந்த வலிநீக்கி வாங்கப்படுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கலாம். மெலாக்சிகம், டோல்ஃபெனாமிக் அமிலம் ஆகிய இரண்டும் பாறுக்குத் தீங்கற்றவை என்று சோதித்து அறியப்பட்டவை. மாட்டின் வலியையும் தணிப்பவை. வேறு வலிநீக்கி செலுத்தப்பட்ட மாடு இறந்தால், அதன் உடலை வெளியில் இடாது ஆழப் புதைக்கவேண்டும். அந்தக் குழி வெட்டும் கூலியையும் கொடைக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.